பழைய கார் பந்தயக் கிளப்: நடத்துவதும் அடுத்த சீசனைத் திட்டமிடுவதும்

பிரிட்டனில் பழைய கார் பந்தயம் நடத்தும் நடுத்தரக் கிளப்புகளுக்கான வழிகாட்டி இது. இருநூறு முந்நூறு உறுப்பினர்கள், ஆண்டுக்கு ஐந்தாறு பந்தய நாட்கள், சம்பளத்துக்கு ஒரே ஒரு ஆள் அல்லது அதுவும் இல்லை என்ற அளவை மனதில் வைத்து எழுதுகிறேன். பிரிட்டனில் மோட்டார் பந்தயத்தை நிர்வகிக்கும் அமைப்பு மோட்டார்ஸ்போர்ட் யுகே. இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் அந்தப் பெயர் வரும் இடத்தில் இங்குள்ள அமைப்பான எஃப்எம்எஸ்சிஐ என்று வைத்துக்கொள்ளலாம். விதிகள் வேறு, வேலையின் வரிசை ஏறக்குறைய இதேதான்.

கமிட்டிக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். முதல் வேலையாக டிராக்கையும் தேதியையும் பிடித்துவிடுகிறார்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மாப்பிள்ளை தேடுகிற கதை. எத்தனை கார் வரும் என்பதே முதல் கேள்வி. அவை எந்தப் பிரிவுகளில் ஓடும் என்பது அடுத்தது. ஒரு நாளுக்கு என்ன செலவாகும் என்பது அதற்கடுத்தது. இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் தேதிக்குப் போக வேண்டும்.

பந்தயங்கள் மார்ச் கடைசியில் தொடங்கி அக்டோபரில் முடிகின்றன. அடுத்த சீசனின் வேலையோ இந்த சீசன் பாதியில் இருக்கும்போதே, ஜூலையில் தொடங்குகிறது. நவம்பரில் தொடங்குபவர்களுக்கு மற்ற கிளப்புகள் வேண்டாம் என்று விட்ட தேதிகள்தான் மிஞ்சும்.

1. தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

கிளப்புக்கு மோட்டார்ஸ்போர்ட் யுகே அங்கீகாரம் நடப்பில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பர்மிட் இல்லை; பர்மிட் இல்லாவிட்டால் பொதுமக்கள் பாதிப்புக்கான காப்பீடு இல்லை. டிராக்காரர்கள் கதவையே திறக்க மாட்டார்கள்.

அடுத்து, கிளப்பின் சட்ட வடிவம். வெறும் சங்கமாக இருக்கும் கிளப்பில் டிராக் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவர் தன் வீட்டையே பணயம் வைக்கிறார். ‘லிமிடெட் பை கேரண்டி’ நிறுவனமாகப் பதிவு செய்துகொண்டால் உறுப்பினரின் பொறுப்பு ஒரு சின்னத் தொகையோடு நின்றுவிடும். இதைத் தள்ளிப்போடும் கிளப்புகள் இன்னும் இருப்பது எனக்கு ஆச்சரியம்தான்.

வாட் வரியையும் இப்போதே பாருங்கள். 2024 ஏப்ரலிலிருந்து பதிவுக்கான வரம்பு 12 மாதத்துக்கு 90,000 பவுண்ட். இரண்டு பந்தய நாள் நடத்தினாலே வரவு அந்தப் பக்கம் போய்விடக்கூடும். எந்த வரவு வரிக்கு உட்பட்டது, எதற்கு விலக்கு உண்டு என்பதை ஆடிட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கட்டணத்தை அறிவிக்க வேண்டும். அறிவித்த கட்டணத்தின் மேல் பிறகு வரியை ஏற்றினால் ஒருவரும் மன்னிக்க மாட்டார்கள்.

2. யார் எதைப் பார்ப்பது

தலைவர், பொருளாளர், பந்தயச் செயலாளர், உறுப்பினர் செயலாளர், காரின் தகுதியைச் சரிபார்க்கும் தொழில்நுட்ப ஆள்: இந்த ஐந்து பொறுப்புகளும் ஐந்து பேரிடம் இருந்தால் நல்லது. ஆள் இல்லாவிட்டால் எதையும் சேர்த்துக்கொள்ளலாம், ஒன்றைத் தவிர. பணப் பொறுப்பையும் பந்தயப் பொறுப்பையும் ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள். ஆளை நம்பாததால் சொல்லவில்லை. பந்தயச் செயலாளருக்குக் கிரிட் (ஒரு பந்தயத்தில் சேர்ந்து ஓடும் கார்களின் தொகுப்பு) நிரம்ப வேண்டும் என்ற ஆசை. பொருளாளருக்குக் கணக்கு இடிக்கக் கூடாது என்ற கவலை. இரண்டு பேராக இருந்து மோதினால் நல்ல முடிவு வரும். ஒரே மண்டைக்குள் மோதினால் ஆசைதான் ஜெயிக்கும்.

தொழில்நுட்ப ஆள் தன் காரை அதே பிரிவில் ஓட்டுபவராக இருக்கக் கூடாது. எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அவர் கொடுக்கும் முதல் தீர்ப்பிலேயே முணுமுணுப்பு கிளம்பும்.

3. ஆளை எண்ணாதீர்கள், காரை எண்ணுங்கள்

சீசன் திட்டத்தின் உயிர் இந்த வேலையில் இருக்கிறது. கடந்த இரண்டு சீசன்களின் என்ட்ரிகளை, அதாவது பந்தயப் பதிவுகளை, ஒரே தாளில் கொண்டுவாருங்கள். ஒரு வரிக்கு ஒரு கார். எந்த நாளுக்குப் பணம் கட்டினார்கள், எந்த நாளில் உண்மையில் கிரிட்டில் நின்றார்கள், முடித்தார்களா, வராவிட்டால் ஏன் என்று நான்கு விவரம் போதும்.

ஏன் கார்? பழைய கார் கைமாறிக்கொண்டே இருக்கும். ஓட்டுநர் வயதாகி ஒதுங்கினாலும் அவருடைய லோட்டஸ் எலான் வேறொருவரிடம் போய்ப் பந்தயத்திலேயே இருக்கும். உறுப்பினர் பட்டியலை மட்டும் பார்த்தால் ஒருவரை இழந்ததாகத் தெரியும். காரைப் பின்தொடர்ந்தால், போனில் அழைக்க வேண்டிய புது உரிமையாளர் ஒருவர் கிடைப்பார். புது உறுப்பினர் சேர்ப்பதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

வராத காரணத்தை நேரில் அல்லது போனில் கேளுங்கள். எஞ்சின் போயிற்று, தேதி ஒத்துவரவில்லை, டிராக் தூரம், காரை விற்கிறார், பிரிவில் வேகமான கார்கள் வந்துவிட்டதால் ஆர்வம் போயிற்று: இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எஞ்சின் போனவர் அடுத்த ஆண்டு வருவார். ஆர்வம் போனவர் வர மாட்டார். அவர் பெயரை இப்போதே கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கருத்துக்கணிப்பை நம்ப வேண்டாம். ‘அடுத்த ஆண்டு எந்த டிராக் வேண்டும்’ என்று கேட்டால் எல்லோரும் பிராண்ட்ஸ் ஹேட்ச் கிராண்ட் பிரீ தடம் என்பார்கள், பெல்ஜியத்தின் ஸ்பா என்பார்கள். பணம் கட்டும் வேளையில் அதில் பாதிப் பேரைக் காணோம். சிறு முன்பணத்தோடு பதிவு செய்யச் சொல்லுங்கள். திரும்பக் கொடுப்பதாக இருந்தாலும் சரி. 50 பவுண்ட் கட்டிய ஆளின் சொல்லுக்கு ஐம்பது ‘கண்டிப்பா வர்றேன்’ ஈடாகாது.

4. பிரிவுகளை வரைவது

எண்ணி முடித்ததும் கார்களைக் கிரிட்டாகப் பிரிக்க வேண்டும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ, பழைய கார்களுக்கு வகுத்த அப்பெண்டிக்ஸ் கே விதியின் கால எல்லைகள் நல்ல தொடக்கம். 1947 முதல் 1961 வரை ஈ காலம், 1962 முதல் 1965 வரை எஃப், 1966 முதல் ஜி என்று அது போகும். சர்வதேசப் போட்டிகளுக்கு வாங்கிய எச்டிபி என்ற தொழில்நுட்ப ஆவணம் ஏற்கெனவே கையில் இருக்கும் கார்களுக்கு உங்கள் விதி அதோடு ஒத்துப்போனால், உரிமையாளர் காரை இரண்டு விதமாகத் தயார் செய்ய வேண்டியதில்லை. அவர் உங்களிடம் வர அதுவே ஒரு காரணம்.

ஆனால் கால எல்லை மட்டும் போதாது. 1966-க்கு முந்தைய டூரிங் கார் பந்தயம் ஒன்றில் மினி கூப்பர் எஸ், லோட்டஸ் கார்ட்டினா, ஃபோர்ட் ஃபால்கன் மூன்றும் ஒன்றாக ஓடும். நேர்ச்சாலையில் ஃபால்கன் பறக்கும், வளைவில் மினி அதைப் பிடிக்கும். பார்க்க இதைவிட அழகான பந்தயம் கிடையாது. எஞ்சின் கொள்ளளவு வாரியாக உள்வகுப்பு வைத்து, வகுப்புக்கு ஒரு பரிசு கொடுத்தால் எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைக்கும். இரண்டு ஓட்டுநர்களுக்கு இடையில் ஒரு லேப்புக்கு (தடத்தை ஒருமுறை சுற்றிவர) பத்துப் பன்னிரண்டு விநாடி வித்தியாசம் வந்தால் மட்டும் யோசியுங்கள். இருபது நிமிடப் பந்தயத்தில் மெதுவான கார் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும். விபத்துகள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன.

புதிய கமிட்டிகள் இங்கே செய்யும் பெரிய பிழை, ஆள் குறைந்த கிரிட்டை நிரப்புவதற்காக ‘இந்த ஒரு தடவை’ என்று விதிக்கு வெளியே உள்ள வேகமான காரைச் சேர்ப்பது. வந்த கார் ஜெயிக்கும். இதுவரை ஜெயித்தவர் அடுத்த தடவை வர மாட்டார். இரண்டாவது ஆண்டில் அதே மாதிரி இன்னும் இரண்டு கார் வரும். பிறகு அந்தக் கிரிட் யாருடையது என்று உங்களுக்கே தெரியாது. சேர்த்தே ஆக வேண்டும் என்றால் ‘அழைப்பு வகுப்பு’ என்று தனியாக வையுங்கள்: ஓடலாம், புள்ளியும் கிடையாது, கோப்பையும் கிடையாது.

டயரை விதியிலேயே கட்டிப்போடுங்கள். ஒரே தயாரிப்பு, ஒரே வகை. டயர் பிடிப்பு கூடினால் லேப் நேரம் குறையும், அதே வேகத்தில் பழைய ஹப்பும் சஸ்பென்ஷனும் உடையும், செலவு ஏறும். அதோடு, குறிப்பிடும் டயர் அடுத்த ஆண்டும் கிடைக்குமா என்று விற்பவரிடம் கேளுங்கள். இங்கிலாந்தின் மெல்க்ஷமில் இருந்த ஏவான் டயர் ஆலை மூடப்படுவதாக அறிவிப்பு வந்தபோது, அந்த டயரை விதியில் எழுதிவைத்திருந்த பிரிவுகள் அத்தனையும் கையைப் பிசைந்துகொண்டு நின்றன.

விதியை எழுதும் முறை ஒன்றுதான்: ‘அனுமதிக்கப்பட்டது என்று எழுதாத எதற்கும் அனுமதி இல்லை’. தடைப் பட்டியல் போட்டால் அதில் இல்லாத ஓட்டையை ஒரு மெக்கானிக் அதே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார். விதியை மாற்ற வேண்டுமானால் ஓராண்டுக்கு முன்பே சொல்லுங்கள். குளிர்காலத்தில் எஞ்சினைக் கட்டி முடித்தவரிடம் பிப்ரவரியில் போய் கார்புரேட்டர் விதி மாறிவிட்டது என்றால் அவர் காரோடு வேறு கிளப்புக்குப் போவார்.

5. ஒரு நாளின் கணக்கு

இந்த எண்கள் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

டிராக் வாடகை, ஆம்புலன்ஸ், மருத்துவர், மீட்பு வண்டி, நேரக்கணிப்பு, பர்மிட், அதிகாரிகளின் பயணச் செலவு, தடத்தோரம் கொடி காட்டும் மார்ஷல்களுக்குச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு 48,000 பவுண்ட். எட்டுக் கிரிட். ஆக ஒரு கிரிட்டுக்கு 6,000. என்ட்ரி கட்டணம் 320 என்றால் கிரிட்டுக்கு 19 கார் வந்தால்தான் கை கடிக்காது.

இப்போது உங்கள் கிரிட்டுகள் 28, 26, 24, 22, 20, 16, 11, 9 என்று வருகின்றன. மொத்தம் 156 கார், 49,920 பவுண்ட். மீதி 1,920. பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த மீதி வெறும் ஆறு காரின் கட்டணம். மழை முன்னறிவிப்பு ஒன்றே ஆறு பேரை வீட்டில் உட்கார வைத்துவிடும். பத்தில் ஒரு பங்கு குறைந்து 140 கார் வந்தால் 3,200 பவுண்ட் நட்டம்.

கடைசி இரண்டு கிரிட்டைப் பாருங்கள். 20 கார், 6,400 வரவு, 12,000 செலவு. 19-க்கு மேல் கார் வந்த ஐந்து கிரிட்டுக்காரர்கள் அந்த இரண்டுக்கும் படி அளக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக்கினால் ஒரு நேரத்துண்டு மிச்சமாகும். அதை வேறு கிளப்பின் கிரிட்டுக்கு வாடகைக்கு விடலாம். அல்லது பெரிய கிரிட்டுக்கு நாற்பது நிமிட, இரண்டு ஓட்டுநர் பந்தயமாக நீட்டிக் கூடுதல் கட்டணம் வாங்கலாம்.

இதைச் சொல்லும்போது ஒன்பது காரின் உரிமையாளர்கள் கோபப்படுவார்கள். அந்தத் தாளை அவர்களிடமே காட்டுங்கள். கணக்கைப் பார்த்த பிறகு வாதம் செய்தவர்கள் குறைவு. மூடி மறைத்த கமிட்டிகளுக்குத்தான் ஆண்டுக் கூட்டத்தில் அடி விழும்.

உங்களிடம் மொத்தமே மூன்று நான்கு கிரிட்தான் என்றால் தனியாக நாள் எடுக்காதீர்கள். இன்னொரு கிளப்போடு சேர்ந்து நாளைப் பங்கிடுங்கள், அல்லது அவர்கள் நாளில் விருந்தினராக ஓடுங்கள். கௌரவம் கொஞ்சம் குறையும். கிளப் பிழைக்கும்.

ஒரு முழுப் பந்தய நாள் ரத்தானால் தாங்கும் அளவு பணம் வங்கியில் எப்போதும் இருக்க வேண்டும். அதைத் தொட்டு அடுத்த நாளை நடத்தும் நிலை வந்தால் சீசனைச் சுருக்குங்கள்.

6. டிராக்கும் தேதியும்

இப்போதுதான் போனை எடுக்கலாம். பிராண்ட்ஸ் ஹேட்ச், ஓல்டன் பார்க், ஸ்னெட்டர்டன், கேட்வெல் பார்க், டோனிங்டன் பார்க் ஐந்தும் எம்எஸ்வி என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. ஆகவே ஒரே பேச்சுவார்த்தையில் மூன்று நாளைப் பேசலாம். ‘நல்ல தேதி ஒன்று வேண்டும், அதற்குப் பதில் நீங்கள் விற்கச் சிரமப்படும் தேதி ஒன்றை எடுத்துக்கொள்கிறோம்’ என்பதே அங்கே செல்லுபடியாகும் நாணயம்.

தேதி கேட்கும் முன் மோதக்கூடாத நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் குட்வுட் மெம்பர்ஸ் மீட்டிங், ஜூலையில் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ, ஆகஸ்ட் கடைசியில் சில்வர்ஸ்டோன் ஃபெஸ்டிவல், செப்டம்பரில் குட்வுட் ரிவைவல், அதே பருவத்தில் ஸ்பா ஆறு மணி நேரப் பந்தயம். உங்கள் உறுப்பினர்களில் குட்வுட் அழைப்பு வருவது சிலருக்குத்தான். ஆனால் அவர்களுடைய காரைப் பார்க்கும் மெக்கானிக்தான் உங்கள் கிரிட்டில் இன்னும் ஐந்து காரைப் பார்க்கிறார். அவர் அந்த வாரம் குட்வுட்டில் இருந்தால் ஐந்தும் வராது. அதனால் பந்தய நாட்காட்டியோடு மெக்கானிக்கின் நாட்காட்டியையும் கேளுங்கள்.

இரண்டு சுற்றுகளுக்கு இடையில் குறைந்தது நான்கு வாரம் விடுங்கள். பழைய எஞ்சினில் ஒரு பிஸ்டன் போனால் உதிரிப் பாகம் கடையில் கிடைக்காது. செய்து வாங்க வேண்டும். இரண்டு வாரத்தில் அடுத்த பந்தயம் என்றால் உடைந்த கார் இரண்டு சுற்றைத் தவறவிடும். அப்புறம் சாம்பியன்ஷிப் போய்விட்டதே என்று உரிமையாளர் சீசன் முழுவதையும் விட்டுவிடுவார்.

டிராக்கின் குணத்தைக் காரோடு பொருத்துங்கள். கேட்வெல் பார்க் ஒடுக்கமானது, ஏற்ற இறக்கம் மிகுந்தது: சிறிய கார்களுக்குச் சொர்க்கம், பெரிய வி8 கார்களுக்கு முந்த இடமில்லை. திரக்ஸ்டனில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடியே நெடுநேரம் போக வேண்டும். பழைய எஞ்சின் அடிக்கும் பில் பெரிது. ஆங்கிள்சி அழகுதான், ஆனால் கென்ட்டிலிருந்து டிரெய்லர் இழுத்துவருபவருக்கு ஒரு நாள் போக, ஒரு நாள் வர. அங்கே போவதானால் இரண்டு நாள் நிகழ்ச்சியாக்கி இரண்டு பந்தயம் கொடுங்கள்.

ஒரு டிராக்கில் எத்தனை கார் ஓடலாம் என்பதை அதன் உரிமம் தீர்மானிக்கிறது. தடத்தின் வடிவத்துக்கு வடிவம் எண்ணிக்கை மாறும். 34 பேர் பதிவு செய்யும் கிரிட்டைக் குட்டையான தடத்துக்கு அழைத்துப்போய் ஆறு பேரைத் திருப்பி அனுப்பினால் அந்த ஆறு பேரும் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க மாட்டார்கள்.

சத்தத்தை ஒப்பந்தத்தில் பாருங்கள். டிராக்குகளைச் சுற்றி வீடுகள் இருக்கின்றன, வழக்குகளும் இருக்கின்றன. யார்க்ஷயரின் க்ராஃப்ட் டிராக் மீது அக்கம்பக்கத்தார் தொடுத்த வழக்கில், ஆண்டுக்கு 40 நாளுக்கு மேல் பெரும் சத்தம் கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009-இல் தடை விதித்தது. ஆகவே சத்தமான நாட்கள் அரிய பண்டம், விலையும் அதற்கேற்ப. உங்கள் கார்கள் எந்த அளவுக்குள் அடங்கும் என்று அளந்து தெரிந்துகொண்ட பிறகு, அடக்கமான கார்களின் நாளை மலிவாக வாங்குங்கள்.

7. நேர அட்டவணை

டிராக் கையெழுத்தாவதற்கு முன்பே ஒரு மாதிரி அட்டவணை போடுங்கள். எட்டுக் கிரிட், பதினைந்து நிமிடக் குவாலிஃபையிங் (தொடக்க வரிசையை முடிவு செய்யும் ஓட்டம்) என்றால் ஒவ்வொன்றும் நடைமுறையில் இருபது நிமிடம் தின்னும். காலை 9 மணிக்குத் தொடங்கினால் 11:40 ஆகும். இருபது நிமிடப் பந்தயத்துக்கு 35 நிமிடம் ஒதுக்குங்கள்: கார்களை வரிசைப்படுத்துவது, பந்தயத்துக்கு முன் சுற்றிவரும் பச்சைக்கொடி லேப், முடிந்ததும் நின்ற கார்களை இழுத்து வருவது எல்லாம் அதில் அடக்கம். 11:50-க்கு ஒரு பந்தயம், 12:25 முதல் 1:25 வரை சாப்பாடு, அதன்பின் ஏழு பந்தயம், முடிவது 5:30. டிராக்கில் 6 மணிக்கு அமைதி வேண்டும் என்றால் உங்கள் கையில் அரை மணி நேரம்தான் இருக்கிறது.

தடுப்பு ஒன்று உடைந்தால் அதைச் சரிசெய்யவே நாற்பது நிமிடம் ஆகும். டிராக்கில் நிற்கும் ஆம்புலன்ஸ் மருத்துவமனைக்குக் கிளம்பினால், மாற்று இல்லாத நேரம் முழுக்கப் பந்தயம் நிற்கும். அதனால் எந்தப் பந்தயத்தை முதலில் சுருக்குவது என்று முன்கூட்டியே முடிவெடுத்து எழுதிவையுங்கள். மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் கத்தும்போது எடுக்கும் முடிவு யாருக்கும் பிடிக்காது.

எண்ணெய் சிந்தும் பழங்காலக் கார்களைச் சாப்பாட்டுக்கு முந்தைய இடத்தில் வையுங்கள். சிமென்ட் தூவிப் பெருக்கும் நேரம் சாப்பாட்டு நேரத்தோடு போய்விடும். இரண்டு பிரிவுகளில் ஓடுபவர்களின் பட்டியலை எடுத்து, அந்த இரண்டு கிரிட்டையும் அடுத்தடுத்து வைக்காமல் பாருங்கள். அக்டோபர் நாள் என்றால் வெளிச்சத்தையும் கணக்கில் சேருங்கள்.

8. விதிப்புத்தகமும் பர்மிட்டும்

சாம்பியன்ஷிப்பா, தொடரா என்று முதலில் முடிவு செய்யுங்கள். சாம்பியன்ஷிப்பில் ஆண்டு முழுக்கப் புள்ளி சேரும். தொடரில் அன்றன்றைய பரிசோடு சரி. புள்ளி இருந்தால் ஆட்கள் எல்லாச் சுற்றுக்கும் வருவார்கள், புகாரும் கூடவே வரும். பிழைப்புக்காக ஓட்டாதவர்கள் நிறைந்த கிரிட்டுக்குத் தொடரே போதும் என்பது என் கட்சி. ஒற்றை இருக்கை ஃபார்முலா ஃபோர்ட் மாதிரி உக்கிரமான பிரிவுகளுக்குப் புள்ளி இல்லாமல் ஆகாது.

விதிகளை மோட்டார்ஸ்போர்ட் யுகே ஒப்புதலுக்கு இலையுதிர் காலத்திலேயே அனுப்புங்கள். திருத்தம் கேட்டுத் திரும்பி வரும். அதற்கும் நாள் வேண்டும். ஒவ்வொரு பந்தய நாளுக்கும் தனியாகத் துணை விதிகளும் பர்மிட்டும் வேண்டும். போன ஆண்டுக் கோப்பை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றுவது எல்லோரும் செய்வதுதான். அப்போது பழைய விதி எண்கள் அப்படியே நின்றுவிடும், ஒரு மேல்முறையீட்டில் அதுவே உங்களைக் கவிழ்க்கும். ஒருவர் மாற்றினால் இன்னொருவர் வரிக்கு வரி படியுங்கள்.

9. அதிகாரிகளும் மார்ஷல்களும்

கிளார்க் ஆஃப் தி கோர்ஸ் (பந்தய நாளை நடத்தும் தலைமை அதிகாரி), தலைமை ஸ்க்ரூட்டினியர் (கார்களின் பாதுகாப்பைச் சோதிப்பவர்), தலைமை மருத்துவர், நேரக்கணிப்பாளர்: தேதி உறுதியான அன்றே இவர்களுக்கு எழுதுங்கள். நல்லவர்களின் டைரி ஜனவரிக்குள் நிரம்பிவிடும். மார்ஷல்கள் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள். அவர்கள் போதுமான எண்ணிக்கையில் இல்லாவிட்டால் ஒரு கார்கூட ஓடாது. சுடச்சுடச் சாப்பாடு, நேரத்துக்கு இடைவேளை, மாலையில் பெயர் சொல்லி நன்றி. இவற்றில் மிச்சம் பிடிக்கும் கிளப்புக்கு மறு ஆண்டு ஆள் வராது.

10. என்ட்ரியைத் திறப்பது

ஆறு வாரம் முன்பு திறந்து, இரண்டு வாரம் முன்பு மூடுங்கள். மூடும் நாளுக்குப் பிறகு கூடுதல் கட்டணம். இது பணத்துக்காக இல்லை. கிரிட்டைச் சேர்ப்பதா பிரிப்பதா என்று முடிவெடுக்க உங்களுக்கு அந்த இரண்டு வாரம் வேண்டும். எவ்வளவு நாள் முன்பு விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதைப் படிவத்திலேயே போடுங்கள். நண்பருக்கு ஒரு சட்டம், மற்றவருக்கு ஒரு சட்டம் என்று ஒருமுறை நடந்தால் போதும், ஊரெல்லாம் பரவிவிடும்.

புதியவர்களுக்கு ஒரு ஆளைத் துணைக்குப் போடுங்கள். ஏஆர்டிஎஸ் என்ற பந்தய ஓட்டுநர் தேர்வு முடித்து உரிமம் வாங்கி, புதியவர் என்ற அடையாளமாகப் பின்பக்கம் மஞ்சள் சதுரத்தில் கறுப்புப் பெருக்கல் குறி ஒட்டி வருபவருக்குக் கொடி தெரியும், ஓட்டத் தெரியும். ஸ்க்ரூட்டினிக்கு எந்த வாசலில் நிற்பது என்று தெரியாது. அதில் தவித்துத் திரும்பிப் போனவர்கள் உண்டு.

11. பந்தய நாள் காலை

ஏழரை மணிக்கு ஸ்க்ரூட்டினி கொட்டகையில் நின்று பாருங்கள். திருப்பி அனுப்பப்படும் கார்களில் பெரும்பான்மைக்குக் காரணம் எஞ்சினோ பிரேக்கோ இல்லை, அற்ப விஷயங்கள். சீட் பெல்ட் லேபிளில் காலாவதி ஆண்டு தாண்டியிருக்கும். பேட்டரியின் எர்த் வயரில் மஞ்சள் அடையாளம் இருக்காது. மின்சாரத்தை வெளியிலிருந்து துண்டிக்கும் சுவிட்சின் அருகே, நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் ஸ்டிக்கர் உரிந்து போயிருக்கும். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் திரும்ப வேண்டிய ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். இழுவைக் கொக்கி எங்கே என்று பெயிண்ட் அடித்திருக்காது. ஒரு டப்பாவில் ஸ்டிக்கர், மஞ்சள் டேப், கொஞ்சம் ஸ்பிரிங், கம்பி வைத்துக்கொண்டு நில்லுங்கள். நான்கைந்து என்ட்ரியையாவது அந்த டப்பா காப்பாற்றும்.

சத்தச் சோதனை தனி. புகைபோக்கி வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகைக் கோணத்தில் கருவியைப் பிடித்து, எஞ்சினை உச்ச சுழற்சியின் முக்கால் பங்கில் வைத்து அளப்பார்கள். குளிர்ந்த எஞ்சினோடு வரிசையில் நிற்பவர் அவசரத்தில் முறுக்கி அதைக் கெடுத்துக்கொள்வார். சூடாக்கிக்கொண்டு வரச் சொல்லி முந்தைய வாரமே எழுதுங்கள்.

ஓட்டுநர் கூட்டத்தை ஐந்து நிமிடத்தில் முடியுங்கள். எல்லோருக்கும் தெரிந்த கொடிகளை மறுபடி ஒப்பிக்காமல், இந்த டிராக்கில், இன்றைக்கு எது வேறு என்பதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

12. முடிந்த பிறகு

காரோடு கார் உரசிய ஒவ்வொரு சம்பவத்தையும் அந்த வாரமே எழுதிவையுங்கள், யாரும் புகார் கொடுக்காவிட்டாலும். ஒரே பெயர் மூன்றாவது தடவை வரும்போது தலைவர் அவரைத் தனியாக அழைத்துப் பேச வேண்டும். பழைய காரின் உடற்பகுதியைத் தட்டி எடுக்க ஆகும் செலவைத் தாங்க முடியாமல் ஒதுங்கும் நல்ல ஓட்டுநர்களை நீங்கள் கடைசி வரை கேள்விப்படவே மாட்டீர்கள், சத்தமில்லாமல் போய்விடுவார்கள்.

நாள் முடிந்த பத்து நாளுக்குள் பொருளாளர் வரவு செலவைக் கிரிட் வாரியாகக் கமிட்டிக்குக் கொடுக்கட்டும். சீசன் கடைசியில் மொத்தமாகப் பார்த்தால், மே மாதமே தெரிந்திருக்க வேண்டிய ஓட்டை நவம்பரில்தான் தெரியும்.

ஆண்டுக் கூட்டத்தை, அடுத்த ஆண்டு நாட்காட்டி அச்சுக்குப் போகும் முன் வையுங்கள். பிறகு வைத்தால் அது குறை கேட்கும் கூட்டமாகத்தான் இருக்கும். அதற்கு முன், செப்டம்பரிலேயே போன ஆண்டு வெற்றியாளர்களுக்குக் கடிதம் போட்டுச் சுழற்கோப்பைகளைத் திருப்பிக் கேளுங்கள். இரண்டு பேர் தருவார்கள், ஒருவர் வீடு மாறியிருப்பார், ஒருவர் அது தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். பெயர் பொறிப்பவருக்கும் மூன்று வாரம் வேண்டும்.